ஓ.டி. நின்றுபோன வெள்ளிக்கிழமை

கோவை கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். வார்ப்படம் வாங்கி, கடைசல் பிடித்து, பம்பு கம்பெனிகளுக்கு உதிரி பாகமாக விற்கும் பட்டறை. ஆறு பேர் வேலை செய்கிறார்கள். சனிக்கிழமை மாலை கூலி. வங்கியில் சரக்கையும் வரவேண்டிய பாக்கியையும் பொறுப்பாகக் காட்டி, மனைவி பெயரிலுள்ள வீட்டுப் பத்திரத்தையும் கொடுத்து வாங்கிய 15 லட்சம் ரூபாய் லிமிட் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் வார்ப்படக்காரருக்குப் பணம் அனுப்பினால் போகவில்லை. கிளைக்கு ஓடுகிறார். "மேலிடத்துல லிமிட்டை நிறுத்தச் சொல்லிட்டாங்க சார். ரினியூவல் இல்லை. பாக்கியைக் கட்டிட்டு குளோஸ் பண்ணிக்கங்க" என்கிறார் மேலாளர். பாக்கி 14 லட்சத்து 20 ஆயிரம். கையில் ஏழாயிரம்.

இந்தப் பட்டறை நான் கட்டிச் சொல்வது. ஆனால் இதே நிலையில் நின்றவர்கள் திருப்பூரிலும் கரூரிலும் சிவகாசியிலும் உண்டு. அவர்களில் பலர் அந்த வாரத்திலேயே இரண்டு தவறுகளைச் செய்துவிடுகிறார்கள். ஒன்று, வங்கியில் சத்தம் போட்டுவிட்டு ஒரு வரிகூட எழுதிக் கொடுக்காமல் வந்துவிடுவது. இன்னொன்று, சனிக்கிழமைக் கூலிக்காக வட்டிக்காரரிடம் போய் நிற்பது. இரண்டையும் தவிர்த்துவிட்டால் மீள்வதற்கு வழி இருக்கிறது. சட்டம் அவகாசம் தருகிறது. கேட்டவருக்கு, அதுவும் எழுதிக் கேட்டவருக்குத்தான் அது கிடைக்கிறது. அதனால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

முதலில் கசப்பான பகுதியைச் சொல்லிவிடுகிறேன். ஓ.டி. என்பது கேட்டவுடன் திருப்பித் தரவேண்டிய கடன். சரக்கின் மேல் தருவதை வங்கியில் கேஷ் கிரெடிட், சி.சி. என்பார்கள், பேச்சுவழக்கில் எல்லாமே ஓ.டி.தான். வழக்கமாக ஓராண்டுக்கு அனுமதித்து, ஆண்டுதோறும் புதுப்பிப்பார்கள். பத்து வருடமாகப் புதுப்பித்தார்கள் என்பதால் பதினோராவது வருடமும் புதுப்பித்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. லிமிட்டைக் குறைக்கலாம், நிறுத்தலாம், மொத்தமாகத் திரும்பக் கேட்கலாம். அனுமதிக் கடிதத்தில் நாம் கையெழுத்திட்ட பக்கங்களில் இது இருக்கும். ஓ.டி. வேண்டும் என்பதற்கு நமக்கு உரிமை கிடையாது.

ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் கதவைச் சாத்தும் உரிமை வங்கிக்கும் கிடையாது. கடன் கொடுப்பவர்கள் நடந்துகொள்ள வேண்டிய முறை பற்றி ரிசர்வ் வங்கி 2003 மே மாதம் நெறிமுறைகளை வெளியிட்டது. கடனைத் திரும்பக் கேட்பது, தவணையை முன்கூட்டி வசூலிப்பது, கூடுதல் ஈடு கேட்பது ஆகிய எதற்கும் முன்பாகக் கடன் பெற்றவருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது அதிலுள்ள விதி. ஒப்பந்தத்தில் எத்தனை நாள் என்று இருக்கிறதோ அத்தனை நாள். அப்படி எதுவும் குறிப்பிடாவிட்டால் நியாயமான கால அவகாசம். இதே கிளையில் உள்ள உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்து ஈடுகட்டுவதாக இருந்தாலும் அறிவிப்பு வேண்டும். ஒவ்வொரு வங்கியும் இந்த நெறிமுறைகளைத் தன் பெயரில் வெளியிட்டிருக்கிறது, இணையதளத்திலும் இருக்கும்.

ஆகவே அந்த வெள்ளிக்கிழமை மதியம் மேலாளரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "சார், இதை எழுத்துல கொடுங்க." கொடுக்கத் தயங்குவார். தயங்கினால் நாமே எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. இப்படி எழுதினால் போதும்:

"எங்கள் ஓ.டி. கணக்கின் லிமிட் இன்று முன்னறிவிப்பின்றி நிறுத்தப்பட்டதாக வாய்மொழியாகத் தெரிவித்தீர்கள். அதற்கான காரணத்தையும், அனுமதிக் கடிதத்தின் எந்த நிபந்தனையின்படி எடுத்த முடிவு என்பதையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம். நாங்கள் உத்யம் பதிவு பெற்ற குறுந்தொழில் நிறுவனம்; சான்றிதழின் நகலை இணைத்துள்ளோம். பாக்கியைப் படிப்படியாகக் குறைக்கும் திட்டத்தை ஒரு வாரத்தில் தருகிறோம். அதுவரை, இன்றைய தேதிக்கு முன் நாங்கள் கொடுத்து லிமிட்டுக்குள் வரும் காசோலைகளையும் தொழிலாளர் கூலியையும் அனுமதிக்கக் கோருகிறோம்."

இதில் காசோலை பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். ஓ.டி. நின்றால் உடனே கழுத்தைப் பிடிக்கப்போவது வங்கிக் கடன் இல்லை, வெளியே கொடுத்து வைத்திருக்கும் காசோலைகள்தான். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு கணக்கில் பணம் இல்லாமல் திரும்புவதை மட்டும் சொல்லவில்லை. வங்கியோடு செய்துகொண்ட ஏற்பாட்டின் அளவைத் தாண்டியதால் திரும்பும் காசோலையையும் சேர்த்தே சொல்கிறது. ஓ.டி. வைத்திருப்பவர்களைக் குறிவைத்தே எழுதிய சொற்கள் என்று எனக்குத் தோன்றும். காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எதிர்த்தரப்பு நோட்டீஸ் அனுப்பலாம். நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணத்தைக் கொடுத்துவிட்டால் வழக்கு இல்லை. கொடுக்காவிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். மாதத் தவணைக்காகக் கணக்கிலிருந்து தானாக எடுக்கக் கொடுத்த உத்தரவு திரும்பினாலும் இதேபோன்ற தண்டனைக்கு 2007ஆம் ஆண்டின் பணம்செலுத்து முறைகள் சட்டத்தில் வழி இருக்கிறது. "ஸ்டாப் பேமெண்ட் போட்டுவிட்டால் தப்பிக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதுவும் வழக்கில்தான் கொண்டுபோய் விடும்.

எனவே அன்று மாலையே காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு, யாருக்கு, எந்தத் தேதிக்கு, எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொருவரையும் நீங்களே கூப்பிடுங்கள். "அண்ணா, அந்தச் செக்கை இந்த வாரம் போட வேண்டாங்க. பேங்க்ல லிமிட் நின்னுடுச்சு. திங்கக்கிழமை பாதி அனுப்பறேன், மீதிக்குப் புதுச் செக் தர்றேன், பழசைத் திருப்பிக் கொடுங்க" என்று உள்ளதைச் சொல்லிவிடுவது மேல். வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் காசோலை திரும்பி வந்த பிறகு கூப்பிடுவதற்கும் முன்னால் கூப்பிடுவதற்கும் இடையில், வருடக்கணக்காகச் சேர்த்த பெயர் இருக்கிறது. பழைய காசோலையைக் கையில் வாங்காமல் புதியது கொடுக்கக் கூடாது.

ஏன் நிறுத்தினார்கள் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் காரணம் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கும். லிமிட் 15 லட்சம் என்றாலும் நாம் எடுக்கக்கூடிய தொகையை மாதந்தோறும் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட்தான் முடிவு செய்கிறது. வங்கியில் அதை டிராயிங் பவர் என்பார்கள். நம் பட்டறையில் சரக்கு 12 லட்சம், வார்ப்படக்காரருக்குத் தரவேண்டியது 4 லட்சம் என்று வையுங்கள். மீதி 8 லட்சத்தில் கால் பங்கைக் கழித்து 6 லட்சம். கம்பெனிகளிடமிருந்து வரவேண்டியது 15 லட்சம். அதில் நூற்றுக்கு 40 கழித்து 9 லட்சம். ஆக 15 லட்சம். கழிக்கும் விகிதம் வங்கிக்கு வங்கி மாறும். இப்போது ஒரு பம்பு கம்பெனி 5 லட்சத்தைத் தராமல் 90 நாளைத் தாண்டிவிட்டது. அந்தப் பழைய பாக்கியைப் பொதுவாக வங்கி கணக்கில் சேர்க்காது. வரவேண்டியது 10 லட்சமாகி, அதன் மேல் 6 லட்சம்தான் கிடைக்கும். டிராயிங் பவர் 12 லட்சம். பாக்கியோ 14 லட்சத்து 20 ஆயிரம். ஒரு ரூபாய்கூடப் புதிதாக எடுக்காமலே நாம் 2 லட்சத்து 20 ஆயிரம் தாண்டி நிற்கிறோம்.

யாரோ ஒரு பெரிய கம்பெனி பணத்தை நிறுத்தி வைத்ததற்குச் சிறிய பட்டறைக்காரர் வங்கியில் குற்றவாளியாக நிற்கிறார். எனக்கு இதில்தான் ஆறாத கோபம்.

நாள் கணக்கு இங்கேதான் முக்கியமாகிறது. டிராயிங் பவரைத் தாண்டிய நிலை 90 நாள் தொடர்ந்தால் கணக்கு வாராக்கடன். லிமிட்டுக்குள்ளேயே இருந்தாலும் 90 நாளாக வரவு எதுவும் விழவில்லை, அல்லது விழுந்தது வட்டிக்குக்கூடப் போதவில்லை என்றாலும் அதே கதி. மூன்று மாதத்துக்கு மேல் பழையதான ஸ்டாக் ஸ்டேட்மெண்டை வைத்துப் பணம் எடுத்துக்கொண்டே இருந்தாலும் ஆபத்து. புதுப்பிக்க வேண்டிய தேதி கடந்து 180 நாளாகியும் புதுப்பிக்காமல் கிடந்தால் அதுவும் வாராக்கடன்தான். பல நேரம் நாம் ஆடிட்டரிடமிருந்து பேலன்ஸ் ஷீட் வாங்கித் தராமல் இழுத்தடித்ததே இதற்குக் காரணமாகிவிடுகிறது. வாராக்கடன் ஆகும்வரை நமக்குப் பேசும் இடம் இருக்கிறது. ஆன பின் பேசுவது நோட்டீசோடுதான்.

அந்த 90 நாளுக்குள் பயன்படுத்த வேண்டிய ஆயுதம் ஒன்று இருக்கிறது. நலிவடையும் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களை மீட்பதற்கான நடைமுறையை மத்திய அரசு 2015 மே 29 அன்று அரசாணையாக வெளியிட்டது; 2016 மார்ச் 17 அன்று ரிசர்வ் வங்கி அதை வங்கிகளுக்கு வழிகாட்டுதலாக்கியது. 25 கோடி ரூபாய் வரை கடன் உள்ள நிறுவனங்களுக்கு இது பொருந்தும். வங்கி கூப்பிடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நட்டம் வரும் என்று தெரிந்தால் நாமே விண்ணப்பிக்கலாம். கடன் 10 லட்சத்துக்கு மேல் என்றால் இதற்கென வங்கி அமைத்துள்ள குழுவுக்கு அது போகும். 10 லட்சம் வரை என்றால் கிளை அளவிலேயே முடிவெடுக்கலாம். கணக்கைச் சீராக்குவதா, கடனை மறுசீரமைப்பதா, வசூலில் இறங்குவதா என்பதை அதன் பிறகே தீர்மானிக்க வேண்டும்.

புரோ நிட்ஸ் என்ற நிறுவனத்தின் வழக்கில் 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம், இந்த நடைமுறை வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்றே சொன்னது. அதே தீர்ப்பு நமக்கும் ஒரு கடமையைச் சொன்னது. கணக்கு வாராக்கடன் ஆவதற்கு முன்பே, தான் குறு அல்லது சிறு தொழில் நிறுவனம் என்பதைச் சான்றோடு வங்கிக்குத் தெரிவிப்பது கடன் பெற்றவரின் பொறுப்பு. வீடு ஏலத்துக்கு வரும்வரை பேசாமல் இருந்துவிட்டு, கடைசியில் இதைக் காட்டித் தடுக்க முடியாது. குறு, சிறு தொழில் நிறுவனம் என்பதற்கான உத்யம் சான்றிதழின் நகலை அந்த முதல் கடிதத்தோடு இணைத்துவிடச் சொல்வது இதனால்தான்.

ஒரு வாரத்தில் தருவதாகச் சொன்ன திட்டத்தில் என்ன எழுதுவது? வங்கிக்காரர்களின் மொழியிலேயே கேட்டால் வேலை நடக்கும். கணக்கை முழுக்கப் பூட்டாமல், வருகிற வரவில் நூற்றுக்கு 10 அல்லது 20 ரூபாயை வங்கி பிடித்துக்கொண்டு மீதியைத் தொழிலுக்கு விடும் ஏற்பாடு உண்டு. அதற்குக் கட்-பேக் என்று பெயர். தாண்டிப்போன 2 லட்சத்து 20 ஆயிரத்தை மட்டும் தனியே பிரித்து மாதத் தவணைக் கடனாக மாற்றச் சொல்லலாம். லிமிட்டை ஒரே நாளில் பூஜ்யமாக்காமல் மாதம் 50 ஆயிரமாகக் குறைத்துக்கொண்டு வரச் சொல்லலாம். மூன்றுமே வங்கிகளில் நடைமுறையில் உள்ளவைதான். கேட்டால் கிடைத்தே தீரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த மூன்று மாதத்தில் எந்தத் தேதியில் யாரிடமிருந்து எவ்வளவு வரும் என்ற தாளோடு போகிறவருக்கும் "கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க சார்" என்று போகிறவருக்கும் பதில் வேறாகத்தான் இருக்கும்.

இந்தச் சமயத்தில் வேறு வங்கியில் கணக்குத் திறந்து வரவை அங்கே திருப்பிவிடலாம் என்ற யோசனையை நண்பர்கள் சொல்வார்கள். ரகசியமாக அதைச் செய்யாதீர்கள். பழைய கணக்கில் வரவு நின்றால் 90 நாள் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். பணத்தைத் திசைதிருப்பினார் என்ற பழியும் சேரும். நேர்வழியிலேயே வேறு வங்கிக்குப் போகலாம். புது வங்கி கடனை எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டால், சம்மதமா ஆட்சேபமா என்பதைப் பழைய வங்கி 21 நாளுக்குள் சொல்லியாக வேண்டும் என்று அதே 2003ஆம் ஆண்டு நெறிமுறைகள் சொல்கின்றன.

பணத்துக்கு எங்கே போவது? முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பம்பு கம்பெனியிடம் கிடக்கும் 5 லட்சத்தைத்தான். குறு, சிறு உற்பத்தியாளரிடமும் சேவை நிறுவனத்திடமும் வாங்கிய பொருளுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தரவேண்டும் என்பது 2006ஆம் ஆண்டின் சட்டம். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. இதற்கான மத்திய அரசு இணையதளத்தில் விண்ணப்பித்தால் மாநிலத்தின் வசதியாக்க மன்றத்துக்குப் போகும். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு இருந்தாலும் இந்தச் சலுகை கிடையாது, பட்டறைக்காரருக்கு உண்டு. வருமான வரிச் சட்டத்தில் செய்த திருத்தத்தால், குறித்த நாளுக்குள் தராத தொகையை அந்த ஆண்டின் செலவாக வாங்கியவர் காட்ட முடியாது. வழக்குக்குப் போகாமல் இதை ஒரு கடிதத்தில் நினைவூட்டினாலே, குறிப்பாக மார்ச் மாதம் நெருங்கும்போது, கணக்குப் பிரிவில் அசைவு வரும். வாங்கியவர் ஆண்டுக்கு 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனி என்றால் டிரெட்ஸ் என்ற மின்தளத்தில் அது பதிந்திருக்க வேண்டும். அங்கே பில்லை அந்தக் கம்பெனி ஏற்றுக்கொண்டால், வங்கிகள் போட்டிபோட்டுத் தள்ளுபடியில் வாங்கி, பணத்தை நமக்குத் தந்துவிடும். கம்பெனி பின்னால் கட்டாமல் போனாலும் நம்மிடம் திரும்பிவர மாட்டார்கள்.

சனிக்கிழமைக் கூலிக்கு வீட்டில் இருக்கும் நகையை வங்கியில் வைப்பது மனதுக்குக் கஷ்டம்தான். ஆனால் மீட்டர் வட்டியைவிட அது ஆயிரம் மடங்கு மேல். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல், மணிக்கணக்கு வட்டி எல்லாவற்றையும் தமிழ்நாடு அரசு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெயர் சொல்லித் தடை செய்திருக்கிறது. அப்படி வட்டி வாங்குபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை. ஏற்கெனவே சிக்கியவர்கள் காவல்துறையில் புகார் கொடுக்க இதுவே அடிப்படை. செல்போனில் ஐந்து நிமிடத்தில் பணம் தருவதாக வரும் செயலிகளையும் இதே பயத்தோடு பாருங்கள்.

வங்கி நம் கடிதத்துக்குப் பதிலே தரவில்லை என்றால், முதலில் அந்த வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். கட்டணம் கிடையாது, 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். புகாரை எப்படி எழுதுகிறோம் என்பதில் கவனம் தேவை. "என் ஓ.டி.யை நிறுத்தியது தவறு" என்று எழுதினால், அது வங்கியின் வணிக முடிவு என்று தள்ளுபடியாகிவிடும். "அறிவிப்பு தரவில்லை, காரணம் சொல்லவில்லை, அறிவிக்காமல் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்தார்கள்" என்று, சேவையில் நடந்த குறையை எழுத வேண்டும்.

எல்லாம் மீறி வாராக்கடன் ஆகிவிட்டால், 2002ஆம் ஆண்டு சர்பாசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் அனுப்பும். அதைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தவர்கள் இருக்கிறார்கள். பிரித்து, படித்து, ஆட்சேபத்தை எழுதி அனுப்புங்கள். வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். சொத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கை தொடங்கினால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்; சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் இருக்கிறது. விவசாய நிலத்தின் மேல் இந்தச் சட்டம் பாயாது. வசூலுக்கு வருபவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் தொலைபேசியில் கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது, உறவினர் முன் அவமானப்படுத்தக் கூடாது. அப்படி நடந்தால் தேதியும் நேரமும் குறித்து வையுங்கள். புகாரில் அவையே பேசும்.

வீட்டில் சொல்வதைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம். அந்த 15 லட்சத்துக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டது மனைவி. ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன்காரரின் பொறுப்பும் ஒரே அளவு. நோட்டீஸ் அவர் பெயருக்கும் வரும். தபால்காரர் கொண்டுவந்து கொடுக்கிற உறையிலிருந்து அவர் இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது. அந்த வெள்ளிக்கிழமை இரவு, சாப்பிட்டு முடித்தபின், காசோலை எழுதிய தாளையும் வரவேண்டிய பாக்கிக் கணக்கையும் எடுத்துவைத்து, "கொஞ்சம் உட்காரு, ஒன்னு சொல்லணும்" என்று ஆரம்பித்துவிடுங்கள்.